ஒரு திருப்புளியைத் தேடி

கருவி என்றதும் நம் நினைவுக்கு வருவது அது செய்யும் வேலைதான். ஏர் என்றால் உழவு. அரிவாள் என்றால் அறுவடை. பேனா என்றால் எழுத்து. அந்தக் கருவியைச் செப்பனிட வேறொரு கருவி வேண்டும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கதிரரிவாளுக்குக் கருக்கு வெட்ட ஓர் உளி வேண்டும். உளியைத் தீட்ட ஒரு கல் வேண்டும். அம்மியைக் கொத்த ஒரு சிற்றுளி வேண்டும். "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று கூவிக்கொண்டு தெருவில் வருபவர் நின்றுபோன பிறகு, எத்தனையோ நல்ல அம்மிகள் கொல்லைப்புறத்தில் துணி துவைக்கும் கல்லாகிவிட்டன. அம்மி உடைந்துபோகவில்லை. அதைக் கொத்தும் உளியும், உளியைப் பிடிக்கும் கையும் போய்விட்டன. அவ்வளவுதான்.

இந்த உண்மையை எனக்கு முழுமையாக உணர்த்தியது ஓர் அம்மி அல்ல. நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு கைத்துப்பாக்கி.

என் தாய்மாமா திருச்சியில் துப்பாக்கி பழுது பார்க்கும் தொழில் செய்பவர். நாற்பது ஆண்டு அனுபவம். நினைத்தவர் நினைத்தபடி செய்யக்கூடிய தொழில் அன்று இது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியை விற்பதற்கு மட்டுமல்ல, பழுது பார்ப்பதற்கும் உரிமம் வேண்டும். மாமாவின் பட்டறைக்கு வருபவை பெரும்பாலும் வங்கிக் காவலர்களின் இரட்டைக் குழல் துப்பாக்கிகள். பயிர்க் காவலுக்காக உரிமம் பெற்ற உழவர்களின் துப்பாக்கிகள். ஒவ்வொன்றையும் உரிமத்தோடு ஒப்பிட்டு, பதிவேட்டில் எழுதிக்கொண்ட பிறகே கையில் எடுப்பார்.

2019ஆம் ஆண்டு பழைய குடும்பம் ஒன்றைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், உரிய தாள்களோடு ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்தார். பெட்டியினுள் பச்சைக் கம்பளித் துணியில் ஒரு ரிவால்வர் படுத்திருந்தது. "தம்பி, இதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட எண்ணியிருக்கிறேன். சுடுவதற்கு இல்லை. உள்ளே துரு ஏறுகிறது. அதை நிறுத்திக் கொடுத்தால் போதும்" என்றார். மாமா முதல் வேலையாக ஐந்து அறைகளும் வெறுமையாக இருக்கின்றனவா என்று மூங்கில் குச்சி விட்டுப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "ஆடம்ஸ்" என்றார்.

இலண்டன் பொருட்காட்சியிலிருந்து

1851ஆம் ஆண்டு இலண்டன் ஹைடு பூங்காவில், கண்ணாடி மாளிகையில், உலகப் பெரும் பொருட்காட்சி ஒன்று நடந்தது. அங்கே இரண்டு கைத்துப்பாக்கிகள் போட்டியிட்டன. ஒன்று அமெரிக்கரான சாமுவேல் கோல்ட்டுடையது. மற்றொன்று ஆங்கிலேயரான ராபர்ட் ஆடம்ஸுடையது. கோல்ட் எந்திரங்களை நம்பியவர். 1853இல் இலண்டன் பிம்லிகோவிலேயே ஒரு தொழிற்சாலையைத் திறந்து எந்திரங்களை வரிசையாக நிறுத்தினார். ஆனால் நான்கு ஆண்டுகளுக்குள் அதை மூடவும் செய்தார். ஆடம்ஸின் துப்பாக்கியோ அரத்தைப் பிடித்த கைவினைஞர்களின் படைப்பு. குழலும் சட்டமும் ஒரே இரும்பில் அடித்துச் செய்யப்பட்டதால் அது உறுதியானது. 1856இல் பியூமான்ட் என்ற பொறியாளர் படை அதிகாரி அதன் இயக்கத்தைத் திருத்தினார். குதிரையைக் கட்டைவிரலால் இழுத்தும் சுடலாம், விசையை அழுத்தியும் சுடலாம் என்றாயிற்று. பிரிட்டிஷ் அரசு அதை ஏற்றுக்கொண்டது. 1857இல் நம் நாட்டில் எழுச்சி வெடித்தபோது கும்பினி அதிகாரிகள் பலரின் இடுப்பில் இருந்தது இந்த வகைதான். எங்கள் முன்னால் கிடந்ததும் அந்த வகையே.

எந்திரத்தை நம்பிய கோல்ட்டின் துப்பாக்கிகள்கூட முழுக்க எந்திரத்தால் முடிந்துவிடவில்லை. எந்திரம் வெட்டிக் கொடுத்த உறுப்புகளைக் கடைசியில் அரத்தால் தேய்த்தே ஒன்றோடொன்று பொருத்தினார்கள். பொருத்திய உறுப்புகள் மாறிப்போகாமல் இருக்க எல்லாவற்றிலும் ஒரே எண்ணைக் குத்தினார்கள். ஆகவே ஒரு பழைய ரிவால்வரின் உறுப்பைக் கழற்றி இன்னொன்றில் மாட்டுவது எளிதன்று. எந்திரத் துப்பாக்கிக்கே இந்த நிலை என்றால், கையால் செய்த ஆடம்ஸுக்குச் சொல்ல வேண்டுமா? அதன் ஒவ்வொரு திருகும் அதற்கென்றே பிறந்தது. அது பாழானால் மாற்றுத் திருகு கடையில் கிடைக்காது.

மூன்று கருவிகள்

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட துப்பாக்கியைப் பெட்டியோடு விற்பார்கள். பெட்டியில் துப்பாக்கிக்கு ஓர் இடம். வெடிமருந்துக் குடுவைக்கு ஓர் இடம். குண்டு வார்க்கும் அச்சுக்கு ஓர் இடம். எண்ணெய்ப் புட்டிக்கு ஓர் இடம். கூடவே திருப்புளிக்கும் நிப்பிள் சாவிக்கும் தனி இடம். எங்கள் பெட்டியில் துப்பாக்கியைத் தவிர மற்ற இடங்கள் எல்லாம் காலி. ஆனால் பச்சைத் துணியில், கருவிகள் கிடந்த இடம் மட்டும் வெளுக்காமல், அவற்றின் வடிவத்திலேயே கரும்பச்சையாகத் தெரிந்தது. மாமா அந்தத் தடத்தின் மேல் ஒரு தாளை வைத்துப் பென்சிலால் வரைந்துகொண்டார். தொலைந்த கருவிகளைப் பற்றி எங்களுக்குக் கிடைத்த ஒரே சான்று அதுதான்.

மூன்று கருவிகள் வேண்டும் என்றார் மாமா.

முதலாவது திருப்புளி. "இது கிடைக்காதா?" என்று நான் வியந்தேன். மாமா ஒரு சாதாரணத் திருப்புளியை எடுத்துக் காட்டினார். அதன் நுனி ஆப்பு வடிவம். மேலே தடிப்பு, கீழே மெலிவு. அதைத் திருகின் பள்ளத்தில் வைத்தால் பள்ளத்தின் மேல் விளிம்பை மட்டுமே தொடும். திருப்பும்போது சரிவான பக்கங்கள் காரணமாக விசையின் ஒரு கூறு திருப்புளியை மேலே தள்ளுகிறது. நுனி வழுக்குகிறது, பள்ளத்தின் விளிம்பு பிய்கிறது. இயற்பியல் வகுப்பில் சாய்தளத்தைப் பற்றி ஆண்டுதோறும் நான் நடத்தும் பாடம்தான். திருகின் தலையில் அதைக் கண்டது அன்றுதான். துப்பாக்கிக்காரர்களின் திருப்புளி நுனி இரண்டு பக்கமும் இணையாக இருக்கும்; பள்ளத்தின் அடிவரை சென்று, அகலத்தையும் தடிப்பையும் முழுவதும் நிரப்பும். பழைய திருகுகளின் பள்ளமோ மிகக் குறுகியது. எங்கள் ஆடம்ஸில் அது முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. இன்றைய கடைத் திருப்புளி எதுவும் அதில் இறங்காது. இறங்கும் அளவு மெலிந்தவை முறுக்கினால் வளைந்துபோகும்.

இரண்டாவது நிப்பிள் சாவி. இந்த வகைத் துப்பாக்கியில் ஒவ்வோர் அறைக்குப் பின்னாலும் சைக்கிள் வால்வைப் போன்ற சிறு குமிழ் ஒன்று திருகப்பட்டிருக்கும். அதன் தலையில்தான் வெடிமருந்து வைத்த செப்புத் தொப்பியைப் பொருத்துவார்கள். துரு முதலில் பிடிப்பது இங்கேதான். குமிழ் இருப்பதோ குறுகலான குழிக்குள். எந்த ஸ்பேனரும் அங்கே நுழையாது. அதற்கென்றே செய்த, சுவர் மெலிந்த, குழல் போன்ற சாவி வேண்டும்.

மூன்றாவது வில்லைப் பிடிக்கும் கவ்வி. குதிரையை உந்துவது தகட்டு வில். அதைக் குறட்டால் பிடித்து நெம்பினால் முறிந்துவிடும். இருபுறமும் சமமாக அழுத்திப் பிடித்து, அழுத்தம் மாறாமல் வெளியே எடுக்க வேண்டும். நல்ல வேளையாக இது மாமாவிடமே இருந்தது. இரட்டைக் குழல் துப்பாக்கிகளுக்காக அவருடைய ஆசான் செய்து கொடுத்தது.

கடை கடையாக

திருச்சி பெரிய கடை வீதியில் தொடங்கினோம். பிறகு சென்னை மண்ணடி இரும்புக் கடைகள்; புதுப்பேட்டையின் பழைய சாமான் குவியல்கள். ஒரு கடைக்காரர் கேட்டார்: "அண்ணே, நூறு திருப்புளி இருக்கு. இதுல ஒண்ணுகூடவா ஆகாது?" ஆகாதுதான். இன்று திருகின் பெரும்பகுதி நட்சத்திரத் தலைக்கு மாறிவிட்டது. தட்டைத் திருப்புளி வண்ணப்பூச்சு டப்பாவைத் திறக்கும் கருவியாகிவிட்டது.

வெளிநாட்டில் தேடினோம். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் 1939இல் தொடங்கிய பிரௌனெல்ஸ் என்ற நிறுவனம் துப்பாக்கி பழுது பார்ப்போருக்கான கருவிகளுக்கே பெயர் பெற்றது. இணையான நுனி கொண்ட திருப்புளிகளை வரிசை வரிசையாக அளவிட்டு விற்கிறது. அவற்றிலும் எங்கள் பள்ளத்துக்குப் பொருந்தும் அளவு தென்படவில்லை. நிப்பிள் சாவியின் கதை இன்னும் சுவையானது. 1861இல் மூண்ட அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நெருங்கியபோது பழைய ரிவால்வர்களின் நகல்களுக்கு ஆசை பிறந்தது. வட இத்தாலியின் வால் துரோம்பியா பள்ளத்தாக்கில் பரம்பரைத் துப்பாக்கிக் கைவினைஞர்கள் அவற்றைச் செய்யத் தொடங்கினார்கள். அதனால் நூறாண்டு உறங்கிக் கிடந்த நிப்பிள் சாவியும் மறுபடி பிறந்தது! ஆனால் அது நகலுக்கான சாவி. நகலின் அளவில் செய்யப்பட்டது. அசலுக்குப் பொருந்தும் என்று நம்புவதற்கில்லை. அசல் பெட்டிகளில் இருந்த கருவிகளோ, துப்பாக்கியிலிருந்து பிரிந்து, சேகரிப்பாளர்களிடம் தனித்தனியாகப் பெருவிலைக்குப் போகின்றன. திருப்புவதற்காகப் பிறந்த கருவி கண்ணாடிப் பேழைக்குள் போய்விட்டது.

வழி காட்டியவர் எங்கள் தெருவின் கடிகாரக்கார பாய். அவரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் சிரித்தார். "தம்பி, வாங்கின ஸ்குரூ டிரைவரை அப்படியே வெச்சு வேலை செய்றவன் கடிகாரக்காரன் இல்லை. திருகைப் பார்த்துத் தீட்டிக்கிடணும். உங்க மாமாவுக்கு இது தெரியாமலா இருக்கும்? நல்ல எஃகுக்குத்தான் அலையுறாரு" என்றார்.

மாமாவிடம் சொன்னேன். "சரியாத்தான் சொல்லியிருக்காரு, மாப்பிள்ளை. செய்யறது கடைசி வழி. இருக்கான்னு முதல்ல தேடிப் பாத்துரணும். இனிமே எஃகைத் தேடுவோம்" என்றார்.

பொன்மலையில்

பொன்மலை ரயில்வே பட்டறையை அறியாத திருச்சிக்காரர் இல்லை. நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின்களை இந்த நூற்றாண்டிலும் புதிதாகக் கட்டிக் கொடுத்த இடம் அது. அங்கே பல்லாண்டு ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரின் வீட்டுக்கு மாமா என்னை அழைத்துச் சென்றார். பெரியவர் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தார். உள்ளே மரையளவிகள், பழைய ஆங்கில மரைகளின் அளவுகள் அனைத்தும் பல் பல்லாக விரிந்தன.

அங்கே எனக்கு ஒரு வரலாற்றுப் பாடம் கிடைத்தது. ஒரு காலத்தில் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மரை. ஒருவர் செய்த திருகு இன்னொருவர் துளையில் ஏறாது. 1841இல் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் பல பட்டறைகளின் திருகுகளைத் திரட்டி, சராசரி கண்டு, 55 பாகைக் கோணத்தில் ஒரு பொது மரையை முன்மொழிந்தார். 1864இல் அமெரிக்கரான வில்லியம் செல்லர்ஸ் 60 பாகையை முன்மொழிந்தார். நுண்கருவிகளின் சிறு திருகுகளுக்காக 1884இல் பிரிட்டிஷ் அசோசியேஷன் வேறொரு வரிசையை வகுத்தது. அதன் கோணம் நாற்பத்தேழரை பாகை. இன்று நாம் பயன்படுத்தும் மெட்ரிக் மரை 60 பாகை. எங்கள் திருகோ இந்த ஒழுங்குகள் துப்பாக்கிப் பட்டறைக்குள் வருவதற்கு முந்தியது. அதில் வெளியே தெரிந்த இரண்டு சுற்று மரையைப் பெரியவர் பூதக்கண்ணாடியில் பார்த்தார். மரையளவியின் ஒவ்வொரு பல்லையும் வைத்துப் பார்த்தார். எதுவும் உட்காரவில்லை.

"புதுத் திருகு போட நினைச்சா துளையைப் பெரிசாக்கி வேற மரை வெட்டணும். அப்படி வெட்டிட்டா அது இந்தத் துப்பாக்கி இல்லை. பழைய திருகையே காப்பாத்துங்க" என்றார் பெரியவர். பிறகு தேய்ந்துபோன இரண்டு பட்டை அரங்களை எடுத்து மாமாவின் கையில் வைத்தார். "ஷெஃபீல்டு அரம். தேஞ்சு போச்சுன்னு தூக்கிப் போட மனசு வரலை. இதுக்குத்தான் இருந்திருக்கு போல." காசு வாங்க மறுத்துவிட்டார்.

தீட்டிய திருப்புளி

அரம் மிகக் கடினமானது; ஆனால் முறியக்கூடியது. மாமா அதைச் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டார். அது இளகியது. நறுக்கி வடிவம் கொடுத்தார். மறுபடி சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தார். இப்போது மீண்டும் கடினம். பளபளப்பாகத் தேய்த்து, மூன்றாம் முறையாக, இம்முறை மென்மையாகச் சூடேற்றினார். எஃகின் முகத்தில் வண்ணங்கள் ஓடத் தொடங்கின. ஏறத்தாழ 230 பாகை செல்சியஸில் வைக்கோல் நிறம், பிறகு செம்பழுப்பு, பிறகு ஊதா, 300 பாகையை நெருங்கும்போது நீலம். மேற்பரப்பில் படரும் மெல்லிய ஆக்சைடு படலத்தின் தடிப்புக்கு ஏற்ப நிறம் மாறுகிறது என்று நான் விளக்கினேன். மாமா தலையை ஆட்டினார். "நீலம் வந்ததும் எடுத்துரணும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றார். வெப்பமானி இல்லாமல் வெப்பத்தைப் படிக்கும் கண் அது.

பிறகு சாணைச் சக்கரத்தின் வளைந்த விளிம்பில் நுனியைக் குழிவாகத் தேய்த்தார். தேய்ப்பார், தண்ணீரில் நனைப்பார், பள்ளத்தில் வைத்துப் பார்ப்பார், மறுபடி தேய்ப்பார். சூடு மிஞ்சினால் பதம் போய்விடும். ஒரு நுனிக்கு ஒரு பகற்பொழுது சென்றது. நிப்பிள் சாவிக்கு ஒரு வாரம் ஆயிற்று. துணியில் பதிந்திருந்த தடத்தின் நீளத்தையே அதற்கும் வைத்தார்.

திருகுகளில் ஒன்று ஏற்கெனவே யாரோ ஒருவரால் சிதைக்கப்பட்டிருந்தது. பொருந்தாத திருப்புளியால் முறுக்கி, பள்ளத்தின் விளிம்பைப் பிதுக்கியிருந்தார்கள். பிதுங்கிய இரும்பை மாமா அரத்தால் தேய்த்து எறியவில்லை. சிறு சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டி, அது வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பினார். பிறகு எண்ணெய் விட்டு மூன்று நாள் காத்திருந்தார். நான்காம் நாள் திருப்புளியை வைத்தார். பள்ளத்துக்கும் நுனிக்கும் இடையே ஒரு தாள்கூட நுழையாது. முழு உடல் எடையையும் மேலிருந்து கொடுத்து, மணிக்கட்டை மட்டும் திருப்பினார். சிறு "டிக்" என்ற ஒலி. திருகு அசைந்தது. மாமா அதற்குமேல் திருப்பவில்லை. கையை எடுத்துவிட்டு ஒரு குவளைத் தண்ணீர் குடித்தார். அப்போதுதான் அவர் எவ்வளவு அஞ்சியிருந்தார் என்பது எனக்குத் தெரிந்தது.

உள்ளே துரு குறைவாகவே இருந்தது. வெளியிலிருந்து யாரும் காண முடியாத பக்கத்திலும் அரத்தின் கோடுகள் ஒரே சாய்வில், ஒரே இடைவெளியில் ஓடின. இலண்டனில் ஏதோ ஒரு சன்னலோரத்தில் நின்று தேய்த்த அந்தக் கைக்குப் பெயர் இல்லை. மாமா சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துடைத்து, எண்ணெய் பூசி, எல்லாவற்றையும் வந்த வழியிலேயே பூட்டினார்.

கொல்லும் கருவியைக் காப்பதா?

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி எழுந்தார். "ஐயா, அது மனிதரைக் கொல்லச் செய்த கருவி. அதுவும் நம்மை அடக்க வந்தவர்கள் கொண்டுவந்தது. அதை ஏன் இவ்வளவு பாடுபட்டுக் காக்க வேண்டும்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அந்தத் துப்பாக்கி எங்கே, யார்மேல் நீட்டப்பட்டது என்பதை நாம் அறியோம். ஆனால் அது அழிந்துவிட்டால் அதனால் நேர்ந்தது அழிந்துவிடாது. சான்று மட்டுமே அழியும். ஆயுதச் சட்டமே, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட இயலாத பழமையான ஆயுதத்தைத் தன் பிடியிலிருந்து விலக்கி வைக்கிறது. ஆயுதம் வரலாறாகிவிடும் நிலை ஒன்று உண்டு என்று சட்டமும் ஒப்புக்கொள்கிறது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் தோன்றியதும் அந்தப் பொருட்காட்சி நடந்த 1851ஆம் ஆண்டில்தான். அங்கே தஞ்சை அரண்மனையின் ஆயுதங்களும், புனித ஜார்ஜ் கோட்டையின் ஆயுதங்களும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. வென்றவன் வாளையும் தோற்றவன் வாளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போதுதான் நமக்குப் பாடம் கிடைக்கிறது.

துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்த நாளில் பெரியவர் ஒரு வேண்டுகோள் வைத்தார். புதிய திருப்புளியையும் சாவியையும் பெட்டியில் காலியாக இருந்த இடங்களில் வைத்தால் பெட்டி நிறைவாக இருக்குமே என்றார். மாமா மகிழ்ச்சியோடு கொடுத்தார். ஆனால் கொடுப்பதற்கு முன், இரண்டு கருவிகளின் பிடியிலும் 2019 என்ற எண்ணைக் குத்தினார். "நூறு வருஷம் கழிச்சு எவனாவது பார்த்து, இதுவும் அந்தக் காலத்துதுன்னு ஏமாறக்கூடாது, ஐயா" என்றார்.

மாணவ நண்பர்களே! மாமாவுக்கு இப்போது வயது எழுபதைக் கடந்துவிட்டது. உரிமம் அவர் பெயரில் இருக்கிறது. தொழிலைத் தொடர ஆள் இல்லை. அவருடைய பிள்ளைகள் வேறு துறைகளுக்குச் சென்றுவிட்டார்கள். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பட்டறையின் கருவிகளில் பாதியைக் கடையில் வாங்கவில்லை. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட வேலைக்காகச் செய்யப்பட்டது. என்ன வேலைக்கு என்று தெரியாவிட்டால் அவை எடைக்குப் போகும் இரும்பு.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படிப்பட்டவை இருக்கலாம். தாத்தாவின் தட்டார் குறடு. பாட்டனாரின் தறிக் கருவி. அச்சகத்தில் எழுத்துக் கோத்த கட்டை. கடிகாரம் திறந்த சாவி. பழைய இரும்புக் கடைக்குப் போடும் முன், அதைக் கையாண்டவர் உயிரோடு இருந்தால் அருகில் உட்கார்ந்து கேளுங்கள். இதன் பெயர் என்ன? எதற்காக? எப்படிப் பிடிக்க வேண்டும்? யார் செய்தது? ஒரு சிறு அட்டையில் எழுதி நூலால் கட்டுங்கள். இதற்குப் பட்டமும் வேண்டாம், பணமும் வேண்டாம்.

நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத்தான் செய்கிறேன். மாமா ஒவ்வொரு கருவியாக எடுத்துச் சொல்கிறார், நான் எழுதுகிறேன். இதுவரை நாற்பத்தொரு அட்டைகள் ஆகியிருக்கின்றன. பெட்டியில் இன்னும் பாதி இருக்கிறது.